முகவாய் இல்லாத பேரன்

ஆஸ்பத்திரித் தொட்டிலில் குப்புறக் கிடந்த பேரனை ஜீவரத்தினம் இரண்டு கையாலும் தூக்கி மல்லாத்திப் போட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"இந்த முகவாய் நம் வம்சத்தைச் சேர்ந்தது அல்ல."

முகவாய் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லைதான். கீழுதட்டுக்குக் கீழே சட்டென்று சரிந்து கழுத்தோடு சேர்ந்துவிட்டது. நாள் நிறைய ஒரு மாதம் இருக்கும்போதே பிறந்துவிட்ட பிள்ளை. துணியில் சுற்றிய அணில் மாதிரி இருந்தது.

"மூணு தலைமுறைப் படம் நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கு. ஒருத்தருக்காவது இந்தத் தாடை உண்டா? எலிசபெத், நீயே சொல்லு."

அவர் மனைவி எலிசபெத் இல்லை என்று தலையாட்டினாள். கல்யாணமான நாள் முதலாக அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

ஜீவரத்தினம் சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் மூப்பர். வெள்ளைக்கார ராஜாவின் வெள்ளி விழா வருஷத்தில் யாரோ கொடுத்த மெடலைக் கோட்டில் குத்திக்கொண்டுதான் கடைத்தெருவுக்குக் கத்தரிக்காய் வாங்கவும் போவார். தம் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற வருஷத்தை, யாரும் கேட்காமலே, எவரிடமும் சொல்வார். மருமகள் ஞானசௌந்தரியின் தகப்பனோ குடிபாலாவில் கூலி வேலை செய்தவர். மீசை நரைத்த பிறகுதான் சபைக்கு வந்தார். ஜீவரத்தினத்தின் கணக்கில் அந்த மனிதர் இன்னும் கோயில் வாசற்படியைத் தாண்டவில்லை.

அவர் மகன் ஆர்தர் திருப்பதி ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்த ஞானசௌந்தரியைத்தான் கட்டுவேன் என்று ஒரு முறை பிடிவாதம் பிடித்தான். வாழ்நாளுக்கு அவனிடம் இருந்த பிடிவாதம் அதோடு தீர்ந்துபோயிற்று.

இப்போது அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தாடையின் பூர்வீகத்தைப் பற்றித் தகப்பனார் விளக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறிவிட்டது.

கட்டிலில் கிடந்த ஞானசௌந்தரி முழங்கையை ஊன்றி எழுந்தாள். "மாமா, திருப்புங்க! குப்புறத் திருப்புங்க!"

"கத்தாதேம்மா. பெரியவங்க பேசிக்கினு இருக்கிறோம் இல்ல?"

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒரு முழங்கை அவர் விலாவில் இடித்தது. டாக்டர் லோயிஸ் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கி, தன் முன்கையில் குப்புறப் போட்டாள். தலை சற்றுத் தாழ்ந்திருந்தது. மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சி, நடுவில் இருந்த கண்ணாடிக் குப்பியில் சளி வந்து விழுந்ததைப் பார்த்தாள். பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. உதடு மெல்லச் சிவந்தது.

"யார் இந்தப் பெரிய மனுஷர்?" என்றாள் லோயிஸ்.

"என் மாமனார்" என்றாள் ஞானசௌந்தரி.

"படிச்சவரா?"

"ஹெட்மாஸ்டர்" என்று ஜீவரத்தினமே பதில் சொன்னார்.

"அடடா. அப்ப சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம். இருந்தாலும் சொல்றேன். இந்தப் பிள்ளைக்குக் கீழ்த்தாடை சின்னது. நாக்குக்கு இருக்க இடம் பத்தலை. மல்லாத்திப் போட்டா நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையில உக்காந்துக்கும். மூச்சுப் போற வழி அடைபட்டுடும். குப்புறப் போட்டா நாக்கு முன்னால விழும், வழி தொறந்துக்கும். தாடை வளர்ற வரைக்கும் இப்படித்தான். தூங்கும்போதும் குப்புற, தூக்கும்போதும் குப்புற. தாடைக்கு அடியில எதையும் கட்டக் கூடாது."

"மண்ணைப் பார்த்துப் படுக்கிறது பாம்பு. கர்த்தர் மனுஷனை வானத்தைப் பார்க்கப் படைச்சார்" என்றார் ஜீவரத்தினம்.

"இவனைப் படைச்சப்ப கொஞ்சம் அவசரத்துல இருந்திருக்கார். நீங்க வெளியே போய் வானத்தைப் பாருங்க."

ஜீவரத்தினம் வராந்தாவுக்குப் போய் நின்று, லோயிஸ் போன்ற பெண்களை டாக்டருக்குப் படிக்க வைத்த வெள்ளைக்காரியைப் பற்றி மனைவியிடம் சில வார்த்தைகள் சொன்னார். எலிசபெத் தலையாட்டினாள். புதிய முகத்தைக் கண்டால் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொள்வது சகஜம் என்றும், டாக்டரம்மாள் அதை ஊதிப் பெரிதாக்கிப் பயமுறுத்துகிறாள் என்றும் ரயிலேறுவதற்குள் முடிவாயிற்று. அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு உலகம் சாட்சி சொல்லியும் பயனில்லை.

ஞானசௌந்தரி ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். பாலைப் பீய்ச்சி, பிள்ளையின் தலையை நிமிர்த்தி வைத்து, சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கக் கற்றாள். குழாயை எவ்வளவு தூரம் விட வேண்டும், எந்த அளவுக்கு உறிஞ்ச வேண்டும் என்று கற்றாள். ஒரு தடவை பிள்ளை நீலம் பாய்ந்து மீண்டதும் அவள் அழ ஆரம்பித்தாள்.

"அழுதா கண்ணு கலங்கும். கண்ணு கலங்கினா உதட்டு நிறம் தெரியாது" என்றாள் லோயிஸ். "அப்புறம் இன்னொண்ணு. சேவல் கூவுற மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டா வழி குறுகுதுன்னு அர்த்தம். உடனே நிலையைச் சரி பண்ணு. நெஞ்சு உள்ளே இழுத்துக்கினு சத்தம் சுத்தமா நின்னுட்டா, வழி மூடிடுச்சு. அப்ப யாரையும் கேட்டுக்கினு நிக்காதே."

பிள்ளைக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. திருப்பதி வீட்டுக்கு வந்தார்கள். உடனே ஜீவரத்தினம் சித்தூரில் ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. சித்தூர்ச் சபையின் பழைய குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவள் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருப்பாள். தகப்பனைப் பெற்ற தாத்தாதான் பிள்ளையைக் கோயில் வாசலிலிருந்து ஏந்திக்கொண்டு போய்ப் போதகர் கையில் கொடுக்க வேண்டும். எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரைசானி கொடுத்துவிட்டுப் போன லேஸ் அங்கியையும் குல்லாவையும் ஜீவரத்தினம் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் போட்டுக்கொண்டாக வேண்டும். குல்லாவுக்குப் பட்டு நாடா. அது தாடைக்கு அடியில் முடிச்சுப் போடுவது.

"பிள்ளை என் கையில இருக்கணும். குப்புற இருக்கணும். குல்லா கூடாது. ஒத்துக்கினா வர்றேன், இல்லாட்டி ஞானஸ்நானம் அடுத்த வருஷம்" என்றாள் ஞானசௌந்தரி.

"நைனாகிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டார். பாஸ்டரும் சரின்னுட்டார்" என்றான் ஆர்தர்.

அவன் சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் போன வாரம் சித்தூருக்குப் போனான். தகப்பனார் எதிரே உட்கார்ந்தான், காபி குடித்தான், மழையைப் பற்றிப் பேசினான், திரும்பி வந்துவிட்டான். சமயத்தில் எப்படியாவது சரியாகிவிடும் என்பது அவனுடைய விசுவாசம்.

சனிக்கிழமை திருப்பதியில் ரயிலேறினார்கள். ஞானசௌந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது முன்கையில் பிள்ளையைக் குப்புறப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கன்னம் அவள் உள்ளங்கையில் பக்கவாட்டில் கிடந்தது. பாகாலாவில் சீதாப்பழக் கூடையோடு ஏறிய பழக்காரி மணியம்மா எதிரே உட்கார்ந்து, கூடையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, புள்ளைய பல்லி மாதிரி கையில ஒட்ட வச்சிக்கினு போற?"

"பல்லி செவுத்துல ஒட்டிக்கினாலும் மூச்சு வுடுது இல்ல? எனக்கு அது போதும்."

"ஐயையோ, இன்னா வாயி! மூஞ்சியக் காட்டு, பாக்கலாம்."

"முதுகைப் பாருங்க. முதுகு நல்லா இருக்கும்."

மணியம்மா கூடை குலுங்கச் சிரித்தாள். "தோ, இவுரு வூட்டுக்காரரா? பேப்பர்ல பூந்துக்கினாரே!"

ஆர்தர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். பெட்டியில் இருந்த பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "துணியாவது போட்டு மூடேன்" என்று முணுமுணுத்தான்.

"மூடினா உதடு தெரியாது. வேணும்னா உங்க மூஞ்சிய மூடிக்குங்க. ஏற்கெனவே மூடித்தான் இருக்குது."

மறுநாள் காலை கோயிலுக்குப் பக்கத்து அறையில் எலிசபெத் அங்கியோடு காத்திருந்தாள். "குடும்மா, உடுத்தி விடுறேன். நீ போய் உக்காரு, முதல் மணி அடிச்சாச்சு."

"குல்லா வேண்டாம் அத்தை. குப்புறவே வச்சுக்குங்க. ரெண்டாவது மணி அடிச்சதும் நான் வந்து வாங்கிக்கிறேன்."

"நான்தான் கூட இருக்கேனே, போ" என்றான் ஆர்தர். "ரெண்டாவது மணிக்கு நானே கொண்டுவந்து உன் கையில குடுக்கிறேன்."

புருஷன் வார்த்தையை நம்பியதுதான் அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு. அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருந்தும் நம்பினாள்.

இரண்டாவது மணி அடித்தது. சபையார் எழுந்து நின்று கீர்த்தனை பாடினார்கள். முன்வரிசைப் பாயில் நின்ற ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தாள். தலைகளும் குடுமிகளும் முக்காடுகளும்தான் தெரிந்தன. நடுவழியில் யாரோ மெதுவாக நடந்து வந்தார்கள். முதலில் மெடல் மின்னியது. பிறகு லேஸ் தெரிந்தது. ஜீவரத்தினத்தின் கைகளில், தட்டில் வைத்த கேக்கைப் போல, பிள்ளை மல்லாந்து கிடந்தது. தலையில் குல்லா. தாடைக்கு அடியில் நாடா அழகான பூவாக முடிச்சிடப்பட்டிருந்தது.

அவள் ஆர்தரைத் தேடினாள். தகப்பனாருக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தான். தன் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பாட்டு நின்றது. அப்போதுதான் சத்தம் கேட்டது. சேவல் கூவுவது மாதிரி, இழுத்து இழுத்து.

அவள் காலெடுத்து வைத்ததும், பின்னாலிருந்த சந்திரம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் சபை டீக்கனின் மனைவி; யார் எப்போது நிற்கலாம், எப்போது உட்காரலாம் என்பது அவள் இலாகா. "பெத்தவ முன்னால போகக் கூடாது. உக்காரு."

"வுடுங்க அக்கா."

"ஜெபம் நடக்குது, உக்காருன்றேன்."

போதகர் அப்பாவு நல்ல மனிதர். ஆனால் அவர் ஜெபத்துக்கு முடிவு கிடையாது. ராஜாவுக்காக, ராஜதானிக்காக, மழைக்காக வேண்டிக்கொண்டு, ஜீவரத்தினம் ஐயா குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சேவைக்கு வந்து சேர்ந்தார். பிள்ளையை வாங்கித் தம் இடது கையில் மல்லாத்தி ஏந்திக்கொண்டு, கண்களை மூடியபடி தொடர்ந்தார். ஜீவரத்தினமும் கண்களை மூடியிருந்தார். தம் புகழைக் கேட்கும்போது அவர் எப்போதும் கண்களை மூடிக்கொள்வார்.

சத்தம் நின்றது.

"பார்த்தியா?" என்று சந்திரம்மா அவள் காதில் கிசுகிசுத்தாள். "போதகர் கை பட்டதும் அடங்கிடுச்சு. சாந்தமான புள்ள."

ஞானசௌந்தரி திரும்பி ஒரு அறை விட்டாள். முந்தானை விடுபட்டது. மூன்றே எட்டில் பீடத்துக் கிராதியைத் தாண்டிப் போதகர் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தாள். நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள், அது அறுந்தது. குல்லாவை வீசினாள். பிள்ளையைக் குப்புறக் கவிழ்த்து முன்கையில் போட்டு, காதுகளுக்குக் கீழே தாடையின் இரண்டு மூலைகளையும் விரல்களால் முன்னுக்குத் தள்ளினாள். நெஞ்சு இன்னும் குழிந்தே கிடந்தது. ரவிக்கைக்குள்ளிருந்து ரப்பர் குழாயை எடுத்து வாய்க்குள் விட்டாள். இழுத்தாள். குப்பியில் கட்டியாகச் சளி விழுந்தது. மறுபடி இழுத்தாள். தன் வாய்க்கு வந்த எச்சிலை, ஞானஸ்நானக் கிண்ணத்துக்கு அடியில், பளிங்குத் தரையில் துப்பினாள்.

சபையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிள்ளை விட்டது. முதலில் ஒரு விக்கல். அப்புறம் ஒரு கீச்சு. அப்புறம் கோயில் கூரைக்குக் கேட்கும்படி ஒரு அலறல்.

"பரிசுத்த ஸ்தலத்தில் துப்பிட்டாளே!" என்றார் ஜீவரத்தினம். பேரன் உயிரோடு இருக்கிறானா என்று பார்ப்பதற்கு முன்னால் அவர் வாயில் வந்த வார்த்தை அதுதான்.

"தொடைச்சுடலாம் மாமா. தொடைக்க முடியாத வேலையைத்தான் நீங்க பண்ண இருந்தீங்க." அவள் போதகர் பக்கம் திரும்பினாள். "ஐயா, தண்ணியை ஊத்துங்க. இப்படியே, குப்புறவே."

அப்பாவு ஜீவரத்தினத்தைப் பார்த்தார்.

"செல்லாது" என்றார் ஜீவரத்தினம். "நெத்தியில் விழாத ஞானஸ்நானம் செல்லாது. பிடரியில் ஊத்துறதுக்கு இது என்ன, முடிவெட்டுறவன் கடையா?"

போதகருக்கு மூப்பரிடம் பயம் உண்டு. ஆனால் கொஞ்சம் முன்பு தம் கையில் பஞ்சு போல் கனமற்றுக் கிடந்த பிள்ளையை அவர் கை இன்னும் மறக்கவில்லை.

"தலையில ஊத்தச் சொல்லித்தான் இருக்குதுங்க ஐயா. பிடரியும் தலையிலதான் இருக்குது" என்றார். பிறகு ஆர்தரிடம், "பிள்ளைக்குப் பேர்?" என்று கேட்டார்.

ஆர்தர் தகப்பனாரைப் பார்த்தான். தகப்பனார் தம் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் சேர்த்து நீளமாக ஒன்று வைத்திருந்தார். சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

"சுந்தர்சிங், அந்தச் சாதுவோட பேர்" என்றாள் ஞானசௌந்தரி.

பின்வரிசையில் யாரோ, "அந்தத் தாடைக்கு சுந்தரா!" என்று கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று. பிள்ளையின் பிடரியில் மூன்று முறை தண்ணீர் விழுந்தது. அதற்குக் கோபம் வந்து இன்னும் உரக்க அழுதது. அந்தச் சபையில் அன்று ஒலித்த சத்தங்களிலேயே கேட்கத் தகுந்தது அதுதான்.

வீட்டு வாசலில் பந்தல். ஆட்டுக்கறிப் பிரியாணி. ஞானசௌந்தரி உள்ளறையில் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைக்குக் கரண்டியால் பால் கொடுத்து முடித்தாள். பந்தலில் பேசுவது அங்கே தெளிவாகக் கேட்டது.

முதல் பந்தியில் ஜீவரத்தினம், "கையில் ஏந்தும்போதே எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். இரண்டாம் பந்தியில், "மூச்சு மாறுது, பிள்ளையை வாங்கிக்கோ என்று மருமகளுக்கு ஜாடை காட்டினேன்" என்றார். மூன்றாம் பந்திக்கு வேலூரிலிருந்து தாமதமாக வந்த உறவுக்காரர்கள் உட்கார்ந்தபோது, அவரே குல்லாவைக் கழற்றி, அவரே பிள்ளையைக் கவிழ்த்துவிட்டார். குழாய் மட்டும்தான் பாக்கி. அதையும் நாலாம் பந்தியில் எடுத்துக்கொள்வார் போலிருந்தது.

"தாடையை இப்படிப் பிடித்து முன்னுக்குத் தள்ளணும்" என்று காற்றில் செய்து காட்டினார். "சின்ன விஷயம்தான். பதற்றப்படாம இருக்கத் தெரியணும்."

"பெரியவர் இல்லாட்டி பிள்ளை போயிருக்கும்" என்றார் ஒரு வேலூர்க்காரர்.

ஆர்தர் கதவருகே வந்தான். "வந்தவங்க எல்லாம் உன்னைக் கேக்கிறாங்க. நைனா கூப்பிடுறார். கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா வாயேன்."

"வர்றேன். நானும் காலையிலருந்து ஒண்ணும் துன்னல" என்றாள்.

அவள் பிள்ளையோடு பந்தலுக்கு வந்தாள். நேராக மாமனார் எதிரே போய் நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆர்தர் கேட்டதைவிட அதிகமாகவே இருந்தது.

"மாமா, கையை நீட்டுங்க. இல்ல, இப்படி. முன்கையைத் திருப்புங்க."

என்ன ஏது என்று யோசிப்பதற்குள் பிள்ளை அவர் முன்கையில் குப்புறக் கிடந்தது. கன்னத்தை அவர் உள்ளங்கையில் சாய்த்து வைத்தாள்.

"நான் சாப்பிட்டுட்டு வர்றேன். உங்ககிட்ட குடுத்தா எனக்குக் கவலை இல்ல. பதற்றப்படாம இருக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்னு இப்பத்தான் கேட்டேன்."

"இரும்மா, நான் விருந்தாளிகளை..."

"அசையாதீங்க மாமா. அசைஞ்சா நாக்கு பின்னால போயிடும்."

ஜீவரத்தினம் அசையவில்லை. அவரைச் சுற்றி வேலூர் உறவுக்காரர்கள் பாராட்டும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஞானசௌந்தரி அவருக்கு நேர் எதிரே, எட்டினால் தொடும் தூரத்தில், இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கண் பிள்ளையின் உதட்டை விட்டு நகரவில்லை. கை மட்டும் நிதானமாகப் பிரியாணியைப் பிசைந்தது. எலும்பைத் தனியே எடுத்து வைத்தாள்.

பிள்ளை நன்றாகத்தான் மூச்சுவிட்டது, அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. முதுகு ஏறி இறங்குவது தமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, நிஜமாகவே ஏறி இறங்குகிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்குக் கண்ணாடியில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. ஒரு வேலூர்க்காரர் மூன்று தலைமுறைச் சேவையைப் பற்றி ஏதோ கேட்டார். கேள்வி கேட்டும் பெரியவர் பேசாமல் இருந்ததை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. எலிசபெத் மட்டும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டவில்லை.

கை மரத்துப்போனது. அவர் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, பழைய ஹெட்மாஸ்டர் மிடுக்கு எல்லாம் எங்கேயோ போய்விட, கேட்டார்:

"ஏம்மா... மூச்சு வருதாம்மா?"

"உங்க கையிலதானே மாமா இருக்குது" என்றாள் ஞானசௌந்தரி. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "இங்க இன்னொரு கரண்டி பிரியாணி வையுங்க" என்றாள்.